சிரிக்கும் மீன்

கடைக் கதவில் மின் நிறுவனத்தின் தாள்:
நாளை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை
ஸ்காலவீக் முழுவதும் மின்சாரம் இருக்காது.
பால் வாங்கப் போனவள்
பால் வாங்காமல் திரும்பினேன்.

நிலவறையில்
ஆட்டிறைச்சி உறைந்துகிடக்கும் பெட்டிக்குப் பக்கத்தில்
எங்கள் சர்வர்
மூன்று நாளாய் ஒரே வரியைச் சொல்கிறது:
பூட் டிரைவைப் படிக்க முடியவில்லை.

சொல்லிக்கொண்டே ஓடுகிறது.
கடைசியாய் விழித்தபோது படித்ததை மட்டும்
நினைவில் பிடித்துக்கொண்டு
இருநூற்றுப் பதினேழு நாள் தூங்காமல் இருக்கிறது.
தூங்கிவிட்டால் மறுபடி எழும் வழி
அதன் முதுகில் செருகிய பென் டிரைவில்.
இருந்தது. இருக்கிறதா?

அதை நான் தேர்ந்தெடுக்கவும் இல்லை.
டோர்ஷாவன் கண்காட்சியில்
சால்மன் தீவனக்காரர்கள் பையோடு இலவசமாய்த் தந்தது.
மேலே ஒரு சிரிக்கும் மீன்.
ஐந்து ஹார்டு டிஸ்க்கும் காசு சேர்த்து வாங்கியவை;
ஒன்று செத்தால் மற்றவை கணக்குப் போட்டு மீட்டுவிடும்.
மீனுக்கு மாற்று இல்லை.

உள்ளே பதினான்கு கோடைகள்.
ஆண்டுதோறும் படகிலிருந்து
ஒரே செங்குத்துப் பாறையை ஹெர்கைர் எடுத்த படங்கள்.
விளிம்பு விளிம்பாய் லோம்விகிப் பறவைகள்.
கூடு கட்டாத இனம்;
வெறுங்கல்லில் ஒற்றை முட்டை.
பார்த்துப் பார்த்து அவற்றை எண்ணியவர்கள் நாங்கள்.
எங்கள் முட்டையை எங்கே வைத்திருக்கிறோம் என்பது
இன்றுதான் உறைத்தது.

காப்புப் பிரதி எங்கே என்றான்.
சர்வருக்குள்ளே என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.
சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவள்
சமையலறைக்குப் போய்
காரணமே இல்லாமல் இரண்டு முறை கை கழுவினேன்.

இரண்டாவது முறை சோப்பு வழுக்கியபோது தோன்றியது:
பெட்டி இன்னும் திறந்துதானே கிடக்கிறது.

இரவு பத்துக்கு மடிக்கணினியில் இறக்கிக்கொண்டேன்.
பிரதி இரண்டு வருடப் பழசு.
அதற்குப் பிறகு மூன்றாம் டிஸ்க்கை மாற்றினோம்,
இன்னொன்றை இடம் மாற்றினோம்.
எது எந்த இடம் என்று தப்பாய்ச் சொன்னால்
கேள்வி கேட்காமல் மேலெழுதிவிடும்.
நிர்வாகப் பக்கம் பாதி வந்து, மீதி வெள்ளையாய் நின்றது.
கருப்புத் திரையில் கட்டளை தட்டினேன்;
வரிசை எண்களைச் சொன்னது.

நான் வாசிக்க வாசிக்க
அவன் டார்ச் அடித்துக் குப்புறப் படுத்து
டிஸ்க்குகளின் விலாவில் தேடினான்.
ஒவ்வொன்றையும் மூன்று தடவை,
பறவை எண்ணுகிறவன் பழக்கம்.
நாலாவதில் அது ‘ஓ’வா பூஜ்யமா என்று
பத்து நிமிடம் சண்டை.
பூஜ்யம்.
கம்பளி விற்ற ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

புது பென் டிரைவுக்கு சுன்வோர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.
படகின் கடல் வரைபடங்கள் இருக்கு, அழிச்சுக்கோ,
படகையே வித்தாச்சு என்றாள், இரவு உடையில்.

காலை எட்டு ஐம்பது.
மின்சாரம் முந்திக்கொள்ளக் கூடாதென்று
நானே அணைத்தேன்.
ஏழு மாத இரைச்சல் நின்றதும்
உறைபெட்டி முனகுவது கேட்டது,
பத்து நிமிடத்தில் அதுவும் நின்றது.

பதினொன்று நாற்பதுக்கு விளக்கு வந்தது.
பொத்தானை அழுத்தினேன்.
பூட் சாதனம் இல்லை.
மறுபடி. இல்லை.
ஹெர்கைர் மாடிப்படியில் உட்கார்ந்து
தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.
நீலத் துளையிலிருந்து பிடுங்கி
பக்கத்துக் கருப்புத் துளையில் செருகினேன்;
பழைய துளை, மெதுவான துளை.

எழுத்துகள் ஓடத் தொடங்கின.
ஒன்று, இரண்டு, டிஸ்க்குகள் தொண்டையைச் செருமின,
ரசீதைப் பார்த்து ஒவ்வொன்றாய் இடம் சொன்னேன்.
ஐந்தும் பச்சை.

நல்ல வார்த்தை ஏதாவது சொல்வான் என்றிருந்தேன்.
ஏழாம் விளிம்பைத் திற, இரண்டாயிரத்துப் பதினொன்று என்றான்.
எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு.
நோட்டில் இருநூற்றுப் பதின்மூன்று.

டிஸ்க் தின்றுவிட்டதா என்று பதறினேன்.
இல்லை, ஒன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்,
பாறையும் அதே நிறம் என்றபடி
முதலிலிருந்து ஆரம்பித்தான்.